மூவக்கா சொன்னால்தான் மூவ்

"செஞ்சது செல்லாது. கீழ வைங்க. முதல்ல சொல்லுங்க."

பாடுபட்டு மடக்கி உயர்த்திய காலை அந்தப் பெரியவர் மறுபடி மேசையில் இறக்குகிறார். முழங்கால் அறுவை முடிந்து வந்திருப்பவர், ஓய்வு பெற்ற தபால்காரர். "எவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கினேன் தெரியுமா?" என்று முனகுகிறார்.

"தெரியும். பார்த்தேன். ஆனா சொல்லலையே."

தபால்காரர் கூரையைப் பார்த்து, வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையனைப் போல ஒப்பிக்கிறார். "நான் மாடிக்குப் போய் நிம்மதியா பேப்பர் படிக்க என் வலது முட்டியை மூவ் பண்றேன்." 'மூவ்' என்று வாய் சொல்லும் இடத்தில் முட்டி மடங்குகிறது. முன்பு மடங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

"இது மூவ்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார் மூவக்கா.

அவருக்கு முறையான பெயரும் பட்டமும் உண்டு. இரண்டும் கதவில் ஒட்டிய பலகையில் இருக்கின்றன. யாரும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. உடற்பயிற்சி சிகிச்சைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் மூவக்கா. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். என் அம்மா முதல் நாள் மட்டும் "டாக்டரம்மா" என்றார். இரண்டாம் நாளே மாறிவிட்டார்.

அம்மாவின் இடது தோள் இறுகிப்போயிருந்தது. கையைக் காதுவரைகூடத் தூக்க முடியாது. அதற்காக வாரத்தில் சில காலைகள் அங்கே போனோம். கீழ்த்தளத்தில் பல் மருத்துவர். மேல்தளத்தில் இந்த நீளக்கூடம். நடுவில் ஒரு லிஃப்ட். கிளம்பும்போதும் நிற்கும்போதும் அது ஒரு ஜெர்க் கொடுக்கும். ஊன்றுகோலோடு வருகிறவர்கள் அதற்குத் தயாராகச் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். கூடத்துக்குள் நடைபழகும் இரட்டைக் கம்பிகள், சுவரில் விரல்களால் ஏறுவதற்கென்று பல்பல்லாக வெட்டிய மர ஏணி, ஆள் உயரக் கண்ணாடி, ஜன்னலோரம் கைவிரல் பயிற்சிக்கென்று ஒரு சிறிய மேசை. அந்தக் கை மேசையைச் சுற்றி நாற்காலிகள் குறைவு. கூட வந்தவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. என் இடம் அது.

மூவக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். குள்ளம். உள்ளங்கைகள் அகலம், எப்போதும் சில்லென்று இருக்கும். அதனால் யாரைத் தொடுமுன்பும் இரண்டு கைகளையும் இடுப்பில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். முன்நெற்றியில் ஒரு கற்றை முடி எந்த ஊசிக்கும் அடங்காமல் கண்ணில் வந்து விழும். கைகள் எப்போதும் யாருடைய காலையோ தோளையோ பிடித்துக்கொண்டிருப்பதால், கீழுதட்டை நீட்டி 'ஃபூ' என்று ஊதி அதை மேலே அனுப்புவார். அது எழுந்து, யோசித்து, அதே இடத்தில் விழும்.

அவருடைய முறை இதுதான். எந்த உறுப்பை அசைப்பதானாலும் முதலில் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். யார், எதற்காக, எதை என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடைசியில் 'மூவ் பண்றேன்'. அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது உறுப்பும் வர வேண்டும். முன்னால் வந்தாலும் செல்லாது, பின்னால் வந்தாலும் செல்லாது.

"எதுக்குன்னு ஏன் சொல்லணும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "வேலை இல்லாம சும்மா கூப்பிட்டா நீங்க எழுந்து வருவீங்களா? விரலும் அப்படித்தான்" என்றார்.

ஆகவே அந்தக் கூடத்தில் காலை முழுவதும் வாக்கியங்கள் மிதந்துகொண்டே இருக்கும். "நான் பேரனைத் தூக்க என் இடுப்பை மூவ் பண்றேன்." "நான் ரிமோட்டை மகன்கிட்டேருந்து பிடுங்க என் வலது கையை மூவ் பண்றேன்." "நான் மருமக முன்னாடி தடி இல்லாம நடந்து காட்ட என் இடது காலை மூவ் பண்றேன்." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு உரியவரின் மருமகள், பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "நடக்கட்டும், நடக்கட்டும். அப்புறம் கடைக்கு நான் போக வேண்டாம்" என்பார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அம்மாவுக்கு முதலில் கூச்சம். மெல்லிய குரலில் எதையோ சொன்னார். மூவக்கா காதைக் கிட்டே கொண்டுபோனார். "எனக்குக் கேட்டுச்சு அம்மா. உங்க தோளுக்குக் கேட்டுச்சா?" அம்மா கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னார். "நான் என் தலையை நானே பின்னிக்க என் இடது தோளை மூவ் பண்றேன்." அம்மாவின் தலையை அத்தனை மாதமாக நான்தான் பின்னிவிட்டேன். அது அவரை இவ்வளவு உறுத்தியது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏன் ஆங்கில வார்த்தை என்று ஒருநாள் கேட்டேன். அம்மாவின் தோள்பட்டையை அழுத்திப் பிடித்தபடியே பதில் சொன்னார். "ஆரம்பத்துல தமிழ்லதான் சொல்லிப் பார்த்தேன். 'நகருங்க'ன்னா ஆளே எழுந்து நகர்ந்து உக்கார்றாங்க. 'ஆட்டுங்க'ன்னா தலையை ஆட்டறாங்க. 'அசைங்க'ன்னா மொத்த உடம்பும் ஊஞ்சல் மாதிரி அசையுது. 'மூவ்'னேன். எல்லாரும் ஒரு நிமிஷம் முழிச்சாங்க. முழிச்சிட்டு அந்த விரலை மட்டும் பார்த்தாங்க. சரி, இதுதான் வார்த்தைன்னு வச்சுக்கிட்டேன்."

பள்ளியில் நான் படித்த ஆங்கிலத்தில் அது பெரிய வார்த்தை. குடும்பங்கள் வீடு மாறுவதற்கும், படைகள் புறப்படுவதற்கும், சதுரங்கத்தில் ராணி பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்கும் அதுவே வரும். மூவக்காவின் கூடத்தில் அது அரிசி மணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கினாலும் மதிப்பு ஏறிவிட்டது. ஏனென்றால் அவர் அதை எளிதில் யாருக்கும் தரமாட்டார்.

"அது துடிப்பு. தானா வர்றது. மூவ் இல்ல." "அது இழுப்பு. நரம்பு கோவத்துல இழுக்குது. மூவ் இல்ல." கையைத் தூக்கச் சொன்னால் சிலர் தங்களை அறியாமல் தோளைக் குலுக்கிக் கையை ஏற்றிவிடுவார்கள். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் திருட்டு மூவ். "கை செய்ய வேண்டியதை தோள் திருடுது பாருங்க. பிடிங்க அந்தத் திருடனை" என்று தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். எல்லாம் சரியாக, வார்த்தையோடு ஒன்றாக வந்தால் மட்டுமே "இது மூவ்." அதுவும் ஒருவருக்கு அந்த உறுப்பில் முதல் மூவ் என்றால் குரலை உயர்த்தி ஒரே வார்த்தையாக 'மூவ்' என்பார். உடனே கூடமே தட்டும். கை சேர்க்க முடிந்தவர்கள் கை தட்டுவார்கள். மற்றவர்கள் ஊன்றுகோலைத் தரையிலோ உள்ளங்கையை மேசையிலோ தட்டுவார்கள். பெஞ்சில் இருக்கும் நாங்களும் பலகையைத் தட்டுவோம்.

"நான் மூவ்னு சொன்னா அது மூவ்தான்" என்பார். இதைச் சொல்லும்போது அவரிடம் அடக்கம் மருந்துக்கும் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒருநாள் மனைவியை அழைத்துப்போக வந்து, பெஞ்சில் எங்களோடு காத்திருந்தார். "வீட்லயும் இப்படித்தானா?" என்று தபால்காரர் கேட்டார். "வீட்ல அந்த வார்த்தையே வராது சார். நான் சோபாவுல சாய்ஞ்சிருந்தா 'எந்திரி'. கதவை மறிச்சு நின்னா 'தள்ளு'. நானும் ஒருநாளாவது மூவ் வாங்கிடலாம்னு பார்க்கறேன்" என்றார். மூவக்கா கைகளைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்குங்க மூவ்?" என்றார்.

முடிதிருத்துபவரும் அவர் மனைவியும் எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. "போனதைவிட ரெட்டிப்பா வந்துடுச்சு" என்பார் மனைவி. பிறகு நடை வந்தது. தோளும் முழங்கையும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கூடம் தட்டியது. மிச்சமிருந்தது வலது கை விரல்கள்.

கை மேசையில் உட்கார்ந்த முதல் நாள் அவர் தன் கையைப் பார்க்கவில்லை. மூவக்காவின் நெற்றியைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த முன்முடியை யார் வெட்டிவிட்டது?"

"யாரும் வெட்டலை அண்ணே. அதுவா வளர்ந்தது."

"அதான் தெரியுது. கேக்க ஆளில்லாத மாதிரி விழுது. கை மட்டும் வரட்டும், முதல் வேலை அதுதான்."

"முதல் வேலை அதுன்னா அதையே சொல்லுங்க."

அப்படித்தான் அவருடைய வாக்கியம் உருவானது. "நான் தங்கச்சியோட முன்முடியை வெட்ட என் வலது கட்டை விரலை மூவ் பண்றேன்."

கட்டை விரலை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். கத்திரிக்கோலில் ஒரு வளையம் அசையாமல் நிற்கும். கட்டை விரல் இருக்கும் வளையம்தான் திறந்து மூடும் என்று இடக்கையில் காட்டி எங்களுக்கு விளக்கினார். "மத்த விரல் எல்லாம் சும்மா வேடிக்கை பார்க்கிறவங்க. இவன் ஒருத்தன்தான் கடையே."

கடையை அப்போது மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான்கிட்ட உக்கார்ந்தவன், தலை மிச்சமாச்சேன்னு சந்தோஷமா போகணும்" என்பார் இவர்.

"என் தம்பியை இழுக்காட்டி உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே" என்பார் மனைவி.

"உன் தம்பியை நான் எங்க இழுத்தேன்? அவன்தான் எல்லார் முடியையும் இழுக்கறான்."

கூடம் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு விரலைப் பார்க்கும்போது அந்த முகத்தில் சிரிப்பு இருக்காது. கை மேசைமேல் துவண்டு கிடக்கும். அவர் வாக்கியத்தை மறுபடி சொல்வார்.

வாரக் கடைசியில் பெரிய டாக்டர் ஒவ்வொரு மேசையாக வருவார். நல்ல மனிதர். மூவக்காவோடு பழகி அவருக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டுவிட்டது. "மூவ் இருக்கா?" என்று கேட்பார், மூவக்கா இருக்கிறது அல்லது இல்லை என்பார். இல்லை என்பது தொடர்ந்தால், கை மேசை நாற்காலி வெளியே காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். நாற்காலியை இழந்தவர் வீட்டில் செய்துகொள்ளவேண்டிய பயிற்சிகளைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டுக்குப் போன விரல்கள் என்ன ஆகும் என்பது பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும். நாலைந்து நாள் பயிற்சி நடக்கும். பிறகு கை தோள்துண்டுக்குள் மறைந்துவிடும்.

முடிதிருத்துபவருக்கு 'இல்லை' தொடர்ந்து வந்தது. கடைசியாக ஒருமுறை டாக்டர் தயங்கி, "அடுத்த வாரமும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

அன்று அவர் மனைவி, கை கழுவும் தொட்டியருகே மூவக்காவை நிறுத்தினார். கணவருக்குக் கேட்காமல்தான் பேச நினைத்தார். ஆனால் கோபம் வந்தால் குரல் அடங்குகிற ஆள் அல்ல அவர்.

"ஒரு வார்த்தைதானேம்மா? இருக்குன்னு சொல்லிட்டா உன் தலையிலேருந்து என்ன கிரீடமா இறங்கிடும்?"

"இல்லாததை எப்படி அண்ணி இருக்குன்னு சொல்ல?"

"எவ்வளவோ பேருக்கு இருக்கு, இவருக்கும் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமே. டாக்டர் என்ன பூதக்கண்ணாடி வச்சா பார்க்கப் போறாரு?"

மூவக்கா குழாயை மூடினார். "இன்னிக்கு இல்லாததை நான் இருக்குன்னு சொல்லிட்டா, நாளைக்கு நிஜமாவே வர்ற அன்னிக்கு நான் சொல்றதை அண்ணன் எதை வச்சு நம்புவார்?"

மனைவி பையை எடுத்துக்கொண்டு நடந்தார். "பெரிய நியாயம்" என்று மட்டும் லிஃப்ட் வாசலில் நின்று முணுமுணுத்தார்.

டாக்டரின் அடுத்த வருகைக்கு முந்தின நாள் அது நடந்தது. பயிற்சிக்கு முன்பு வெந்நீரில் நனைத்த துண்டை மணிக்கட்டில் சுற்றி வைப்பது வழக்கம். கூட வந்தவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே வேலை அதுதான். முடிதிருத்துபவரின் மனைவி துண்டைச் சுற்றிவிட்டு, நகராமல் பக்கத்திலேயே நின்றார். மூவக்கா அப்போது மர ஏணியருகே, திருட்டுத் தோளை அமுக்கியபடி அம்மாவை ஏறவைத்துக்கொண்டிருந்தார்.

"நான் தங்கச்சியோட முன்முடியை…" என்று முடிதிருத்துபவர் தொடங்கினார்.

துண்டுக்கு வெளியே அவருடைய விரல்கள் மெல்ல மடங்கின. கட்டை விரல் உள்பக்கமாக வந்து ஆள்காட்டி விரலைத் தொட்டது.

"ஏ, வந்துடுச்சுப்பா" என்றார் தபால்காரர்.

மூவக்கா திரும்பினார். விரலைக் கண்டார். "மூவ்" என்ற வார்த்தை உரத்து வந்துவிட்டது.

கூடம் தட்டியது. அதற்கு முன்பும் பிறகும் அப்படித் தட்டி நான் கேட்டதில்லை. தடிகள், மேசைகள், சுவர், பெஞ்சு. அம்மா ஏணியைப் பிடித்த கையாலேயே ஏணியைத் தட்டினார். முடிதிருத்துபவர் வாய் திறந்தபடி தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி தவறிப்போய் வீடு திரும்பிய பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

மூவக்கா மட்டும் தட்டவில்லை. முடிக்கற்றையை ஊதித் தள்ளிவிட்டு, கை மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, எதுவரைக்கும் சொன்னீங்க?"

"எதை?"

"வாக்கியத்தை."

"முன்முடியை… அதோட நின்னுட்டேன். அதுக்குள்ள வந்துடுச்சே."

"கட்டை விரலை நீங்க இன்னும் கூப்பிடவே இல்ல. கூப்பிடாம எப்படி வந்தது?"

மூவக்கா துண்டை விலக்கினார். மணிக்கட்டின் கீழே மனைவியின் உள்ளங்கை இருந்தது. மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து நின்றது. மூவக்கா அந்தக் கையை எடுத்துவிட்டு, தன் கையால் மணிக்கட்டைத் தாழ்த்தினார். விரல்கள் விரிந்தன. உயர்த்தினார். விரல்கள் மடங்கின. "இது எல்லார் கைக்கும் வரும். தூங்கிற குழந்தை கைக்கும் வரும். மணிக்கட்டைத் தூக்கினா நரம்புக்கயிறு இழுத்து விரல் தானா மடங்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

பெஞ்சில் இருந்த நாங்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எங்கள் கைகளைத் தளரவிட்டு மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தோம். மடங்கியது.

"வீட்ல துண்டு மாத்தறப்போ கவனிச்சேன்" என்றார் மனைவி தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு டாக்டர் வர்றப்போ… இன்னிக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம்னு."

முடிதிருத்துபவர் அவரை நோக்கித் திரும்பினார். "எல்லாரும் தட்டினாங்களேடி" என்றார்.

பிறகு மூவக்கா கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். காதுகள் சிவந்திருந்தன. "எல்லாரும் கேளுங்க. இப்போ நான் மூவ்னு சொன்னேன். அது மூவ் இல்ல. வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே வந்தது. நான் கவனிச்சிருக்கணும். நான் சொன்னது தப்பு."

தபால்காரர் கையைத் தூக்கினார். "அப்போ நாங்க தட்டினது?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். வேணுங்கறப்போ கேக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். மூவக்கா சிரிக்கவில்லை. ஆறிப்போன துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி சுற்றி, "அண்ணி, நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. அண்ணே, முதல்லேருந்து" என்றார். அன்று முழுவதும் கட்டை விரல் வரவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் கை மேசையருகே நின்று கேட்டார். "மூவ் இருக்கா?"

கூடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜன்னலில் பார்க்க ஏதோ இருந்தது.

"இல்ல சார்" என்றார் மூவக்கா. "நேத்து இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "அப்போ இந்த நாற்காலி…"

"ஆமாம் சார். வெளியில காத்திருக்கிறவங்களுக்கும் விரல் இருக்கே."

பேக்கரி எந்திரத்தில் கை மாட்டிய ஓர் இளம்பெண் அடுத்து இருந்தார். முடிதிருத்துபவர் எழுந்து, நாற்காலியைத் தானே இடக்கையால் அந்தப் பெண்ணுக்கு இழுத்துப் போட்டார். அவர் மனைவி பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிவிட்டார். கதவருகே இவர் நின்றார். "தங்கச்சி, அந்த முடியை வேற யார்கிட்டயும் குடுத்துடாதே" என்றார்.

"மாட்டேன் அண்ணே" என்றார் மூவக்கா.

அன்று அவர் யாருக்கும் மூவ் தரவில்லை. தபால்காரர் நன்றாகவே மடக்கினார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு நேரத்தை மாற்றியிருந்தார்கள். மதிய இடைவேளை முடிந்ததும் வரச் சொன்னார்கள். நாங்கள் முன்னதாகவே போய்விட்டோம். லிஃப்ட் ஜெர்க்கோடு நின்று கதவு திறந்தபோது, பூட்டிய கூடத்துக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். முடிதிருத்துபவரின் வலது கை பெஞ்சுப் பலகையில் தட்டையாக விரிந்திருந்தது. மூவக்கா மடியில் டிஃபன் பாக்ஸைத் திறந்துவைத்து ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, மறுகையால் அந்த மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார். மனைவி பெஞ்சின் மறுகோடியில், வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எங்களைக் கண்டதும் மூவக்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நாற்காலியைத்தான் குடுத்தேன். இது பெஞ்சு" என்றார்.

அவரே தொலைபேசியில் அழைத்திருக்கிறார். முடிதிருத்துபவர் பிறகு அம்மாவிடம் சொன்னார். "போனை இவதான் எடுத்தா. 'மத்தியானம் கூட்டிட்டு வாங்க அண்ணி, துண்டு வேணாம்'னு தங்கச்சி சொன்னாளாம். இவ 'ரெண்டு நாளா உன்கிட்ட பேசக் கூடாதுன்னு இருக்கேன்'னாளாம். 'பேச வேணாம், கூட்டிட்டு வாங்க'ன்னு வச்சுட்டாளாம்."

அதன் பிறகு மதியங்கள் அப்படியே போயின. நாங்கள் சீக்கிரம் போவதும் வழக்கமாகிவிட்டது. மனைவி முதலில் பெஞ்சின் கோடியிலிருந்து நடுவுக்கு வந்தார். பிறகு மூவக்காவின் டிஃபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "இதை யார் சாப்பிடுவா?" என்று தன் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரத் தொடங்கினார். பிறகு மணிக்கட்டைப் பிடிக்கும் வேலையை வாங்கிக்கொண்டார். மூவக்காவைவிடக் கடுமை. "தூக்காதீங்க. தூக்கறீங்க பாருங்க. திருட்டு" என்று அதட்டுவார்.

"யார் சொல்றா பாரு தங்கச்சி" என்பார் கணவர்.

"திருடினவளுக்குத்தான் தெரியும், எங்க பிடிக்கணும்னு."

அந்த மதியமும் மற்ற மதியங்களைப் போலத்தான் இருந்தது. லிஃப்ட் கீழே யாருக்காகவோ முனகிக்கொண்டிருந்தது. முடிதிருத்துபவர் வாக்கியத்தைச் சொன்னார். அதற்குள் அது மனப்பாடமாகி, ராகம் ஏறிவிட்ட வாக்கியம். "நான் தங்கச்சியோட முன்முடியை வெட்ட என் வலது கட்டை விரலை மூவ் பண்றேன்."

முதலில் பார்த்தவர் மனைவி. மணிக்கட்டை இன்னும் பலமாகப் பலகையில் அழுத்திக்கொண்டு மூவக்காவின் முகத்தைப் பார்த்தார்.

மூவக்கா மென்று முடித்தார். "இன்னொரு தடவை."

அவர் சொன்னார். வார்த்தை வந்த இடத்தில் விரல் வந்தது. போர்வைக்குள் யாரோ புரள்வதுபோல, அவ்வளவு சிறிது.

"இன்னொரு தடவை."

வந்தது.

"மூவ்" என்றார் மூவக்கா. குரலை உயர்த்தவில்லை.

தட்ட அங்கே கூடம் இல்லை. அம்மா நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி லிஃப்ட் கதவைத் தட்டினார். ஒன்றல்ல, படபடவென்று பலமுறை. கீழேயிருந்து யாரோ "மேல யாராவது மாட்டிக்கிட்டீங்களா?" என்று கத்தினார்கள். தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது அம்மாவின் இடது கை. காதுக்கு மேலே இருந்தது. மூவக்கா அதைப் பார்த்துவிட்டு, "அது வாக்கியம் இல்லாம வந்தது அம்மா. ஆனா விட்டுடறேன்" என்றார். மனைவி இன்னும் மணிக்கட்டை விடவில்லை. கணவர்தான், "வலிக்குதுடி, விடு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் வந்தபோது, கேட்கும் முன்பே மூவக்கா சொன்னார். "சார், பெஞ்சுல ஒருத்தருக்கு மூவ் இருக்கு." டாக்டர் பரிசோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சொல்றீங்கன்னா சரி. நாற்காலி காலியாகும்போது அவருக்கு" என்றார். தபால்காரர், அன்று தன்னிடம் விட்டுவைத்ததை இப்போது தட்டிவிடலாமா என்று கேட்டார். "தட்டுங்க" என்றார் மூவக்கா.

அம்மா இப்போது தன் தலையைத் தானே பின்னிக்கொள்கிறார். கோணலாகத்தான் இருக்கிறது, நான் தொடக் கூடாது. எங்களுக்கு அங்கே கடைசி நாளன்று, முடிதிருத்துபவர் மேல்துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றோடு கை மேசைக்கு வந்தார். பிரித்தார். கடையிலிருந்து கொண்டுவந்த அவருடைய கத்திரிக்கோல். இடக்கையால் எடுத்து வலக்கையில் மாட்டினார். மாட்டவே வெகுநேரம் ஆனது. மனைவி உதவப் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டை விரல் தன் வளையத்தை ஒரு நூலளவு திறந்து மூடியது. கத்திரிக்கோல் 'க்ளிக்' என்றது.

பேக்கரிப் பெண் தன் பயிற்சியை நிறுத்தினார். தபால்காரர் தடியைப் பிடித்துக்கொண்டு அருகே வந்தார்.

மூவக்கா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்று ஒரு நாற்காலியை இழுத்து முடிதிருத்துபவருக்கு எதிரே உட்கார்ந்தார். முன்நெற்றியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கற்றை கண்மேல் வந்து விழுந்தது. அதை அவர் ஊதவில்லை.

"சொல்லுங்க அண்ணே."

"நான் தங்கச்சியோட முன்முடியை வெட்ட…" என்று அவர் தொடங்கினார்.

மூவக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்து, முகத்தை அவர்பக்கம் நீட்டி, கண்களை மூடி, துளிகூட அசையாமல் இருந்தார்.